திருவெண்ணெய்நல்லூருக்கு இடம் போதவில்லை

திண்டிவனம்,
3.8.87

மேரி,

நீ கேட்ட நாலாவது சாமான் இதோட வருது. அப்பாவோட மண்டி பில்லுக்குப் பின்பக்கத்துல எழுதியிருக்கேன். முன்பக்கத்துல இருக்கற மல்லாட்டை மூட்டைக் கணக்கையும் சேத்து டைப் அடிச்சு வெச்சுடாதே.

உங்க சர்க்கரை ஆலைக்குக் கம்ப்யூட்டர் மெஷினை இறக்கினவங்க சி கம்பைலரை மட்டும் குடுத்துட்டு, கூட ரெடிமேடா வர வேண்டிய ஃபங்ஷனுங்க இருக்கற லைப்ரரியை அப்புறம் அனுப்பறோம்னு சொல்லிட்டுப் போனாங்க, நீ கையைப் பிசைஞ்சுக்கினு எனக்கு எழுதினே. நாமளே எழுதிக்கலாம்னு நான்தான் சொன்னேன். மெட்ராஸ்ல ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில உக்காந்து படிச்சது பின்ன எதுக்காம்? நீளம் அளக்கறது, காப்பி அடிக்கறது, ஒப்பிட்டுப் பாக்கறது, மூணும் ஓடிடுச்சுன்னு எழுதியிருந்தே. இது ஒட்டறது. ஒரு பேரோட வாலுல இன்னொரு பேரை ஒட்டும். இதுக்குப் பேரு ஸ்ட்ர்கேட்.

ரெண்டே ரெண்டு லூப்தான். மெமரில எழுத்துங்க வரிசையா உக்காந்திருக்கும், கடைசில ஒரு பூஜ்யம் இருக்கும், அதான் முடிவுன்னு அடையாளம். முதல் லூப் முதல் பேரோட பூஜ்யம் வரைக்கும் நடந்து போகும். ரெண்டாவது லூப் அந்தப் பூஜ்யத்து மேலயே ரெண்டாவது பேரை எழுத ஆரம்பிச்சு, அதோட பூஜ்யத்தையும் கொண்டாந்து வெச்சுட்டு நிக்கும். நம்ம க்ளாஸ்ல பாதிப் பேரு அந்தக் கடைசிப் பூஜ்யத்தை விட்டுட்டு முழிச்சாங்களே, நான் விடலை. மெஷினைக் கண்ணால பாக்காம மண்டிக்குப் பின்னாடி ரூம்ல பென்சில்ல எழுதினாலும் என் ப்ரோக்ராம் முதல் தடவையே ஓடும். பந்தயம் கட்டு.

இங்க செஞ்சிப் பக்கத்துல இருந்து ஒரு வரன் வருதாம். அவங்களும் எங்களை மாதிரி ஜைனங்க, பொழுது சாயறதுக்குள்ள அவங்க சாப்பிட்டாகணும், நாங்களும் சாப்பிட்டாகணும், அதனால மூணு மணிக்கே எனக்குப் பட்டுப்புடவை. அம்மா ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. எனக்கு உன் ரிசல்ட்டு எப்ப வரும்னுதான் இருக்கு.

ஜ்வாலாமாலினி


விழுப்புரம்,
19.8.87

ஏ ஜ்வாலா,

பந்தயத்துல நீதான் ஜெயிச்சே. முதல் தபாவே ஓடிச்சு. காணை ஊரு விவசாயிங்க பேரை எடுத்து ஒட்டிப் பாத்தேன். ஊரு, பேரு, அப்பா பேரு. எங்க ஆலையில ஊரைத்தான் முதல்ல போடணும், ஏன்னா கரும்பு வெட்டற ஆளுங்களை ஊரு ஊராத்தான் அனுப்புவாங்க. மூணும் அழகா ஒட்டிக்கினு வந்துது. ரூமுக்குள்ள நான் ஒருத்திதான், கைதட்டிக்கினேன்.

அந்த சந்தோஷம் நேத்தோட போச்சு. எங்க கரும்பு ஆபீஸ் மேனேஜரு சீனுவாசன் சாரு வந்து, திருவெண்ணெய்நல்லூர் ஆளுங்களுக்குக் கட்டிங் ஆர்டர் சீட்டு அடி, பாக்கலாம்னாரு. அந்தச் சீட்டுதான் எல்லாம். யாரு கரும்பை எந்தத் தேதில வெட்டணும்னு அதுலதான் இருக்கும், சீட்டு இல்லாத கரும்பை ஆலை வாசல்ல கூட நிறுத்த வுட மாட்டாங்க. அடிச்சேன். முதல் சீட்டு மண்ணாங்கட்டின்னு ஒரு விவசாயியோடது, அப்பா பேரு சின்னக்கண்ணு. தேதி இருக்க வேண்டிய எடத்துல பாத்தா சின்னக்கண்ணுன்னு இருக்கு. எந்தத் தேதிலமா வெட்டணும், சின்னக்கண்ணாம் தேதிலயான்னு கேட்டுட்டு சாரு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கல.

இன்னா ஆச்சுன்னு தோண்டிப் பாத்தேன். பேருக்கு நான் முப்பது எழுத்துக்குத்தான் எடம் வெச்சிருக்கேன், அதுக்குப் பக்கத்துலயே தேதி. காணை சின்னப் பேரு, எல்லாம் அடங்கிடுச்சு. இங்கிலீஷ் எழுத்துல திருவெண்ணெய்நல்லூரே பதினேழு. உன் ஸ்ட்ர்கேட்டு எடம் இருக்குதா இல்லியான்னு பாக்கறதே இல்ல. அடுத்த வூட்டுக்குள்ள பூந்து, இருந்தவங்களைத் தள்ளிட்டு உக்காந்துக்குது.

டிசம்பர்ல அரவை ஆரம்பம். அதுக்குள்ள எல்லா ஊருக்கும் சீட்டு சரியா வரலைன்னா மெஷினைத் துணி போட்டு மூடிட்டு, என்னை மறுபடியும் எடைமேடையில நம்பர் எழுத அனுப்பிடுவேன்னு சொல்லிட்டாரு. எங்க அம்மா இந்த ஆலைக்குக் கரும்பு வெட்டற கேங்குலதான் இருக்காங்கன்னு உனக்குத் தெரியும். அவங்க பொண்ணு ஏசி ரூம்ல உக்காந்திருக்கான்னு எங்க தெருவுல இன்னும் பாதிப் பேரு நம்பல. இந்த நாற்காலியை நான் வுட மாட்டேன் ஜ்வாலா. ஜல்தியா சரி பண்ணி அனுப்பு.

இருதயமேரி


திண்டிவனம்,
22.8.87

மேரி,

சரி பண்றதுக்கு அதுல ஒண்ணும் இல்லை.

ஸ்ட்ர்கேட்டுக்கு நீ குடுக்கறது ரெண்டு விலாசம். எங்கிருந்து எடுக்கணும், எங்க வெக்கணும், அவ்வளவுதான். அந்த இடத்துல எத்தனை எழுத்து கொள்ளும்னு நீ அதுக்குச் சொல்லவே இல்லை. சொல்லாததை அது எப்படி மேரி பாக்கும்? ஊத்தறவதான் குடத்தைப் பாத்து ஊத்தணும், தண்ணியைப் போய்த் திட்டறியே.

உலகத்துல எந்த மெஷின்ல பாத்தாலும் ஸ்ட்ர்கேட் இப்படித்தான் இருக்கு. சி பாஷைக்கு எது சரி எது தப்புன்னு அமெரிக்காவுல ஒரு கமிட்டி உக்காந்து எழுதிக்கினு இருக்காங்களாம், அவங்களும் இதை மாத்தப் போறதில்லை. நாளைக்கு வேற யாரோ எழுதின ப்ரோக்ராமை உன் மெஷின்ல போட்டா, அது நம்பி வர்ற ஸ்ட்ர்கேட் அங்க இருக்கணும். விழுப்புரத்துக்குன்னு தனியா ஒண்ணு பண்ண முடியாது.

நீளம் அளக்கற ஃபங்ஷனை அப்புறம் எதுக்கு எழுதிக் குடுத்தேன்? மூணு பேரையும் முதல்ல அளந்து கூட்டிப் பாரு. அடங்கலைன்னா இடத்தைப் பெருசாக்கு. முப்பதுன்னு உனக்கு யாரு சொன்னது? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.

வரன் வந்துட்டுப் போயாச்சு. பொண்ணு வேலைக்குப் போகுமான்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள அப்பா, அதெல்லாம் இல்லைன்னுட்டாரு. அந்தக் கோவம் இந்தக் கடுதாசில கொஞ்சம் இருக்கலாம். ஆனா நான் சொன்னது சரிதான்.

ஜ்வாலாமாலினி


விழுப்புரம்,
2.9.87

ஜ்வாலாமாலினிக்கு,

ஆடத் தெரியாதவன்னு எழுதிட்டே. சரி.

முப்பதுன்னு யாரு சொன்னதுன்னு கேட்டியே, அச்சாபீஸ் சொன்னது. நான் மெஷினாண்ட வர்றதுக்கு முன்னாடியே சீட்டு கட்டுக்கட்டா அச்சடிச்சு வந்து இறங்கிடுச்சு. பேரு வர்ற எடத்துல முப்பது கட்டம்தான் போட்டிருக்கு. மண்டிக்குப் பின்னாடி உக்காந்துக்கினு எடத்தைப் பெருசாக்குன்னு சொல்றது சுலபம். இங்க வந்து சீனுவாசன் சாரு முன்னாடி நின்னு சொல்லிப் பாரு.

உன் ஸ்ட்ர்கேட்டுக்குள்ள நானே ஒரு எண்ணிக்கை வெச்சுட்டேன். முப்பது ஆனதும் பூஜ்யத்தை வெச்சுட்டு நின்னுடும். எல்லா ஊரும் வருது. தேதி தேதி எடத்துல இருக்குது. சாரு நாலு ஊருச் சீட்டைப் பாத்துட்டு, இப்ப சரிம்மான்னுட்டுப் போனாரு. உன்னோட கமிட்டி வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.

அடுத்த வரன் வந்திருப்பாங்க. காப்பி ஆறிடப் போவுது, போய்க் குடு.

இருதயமேரி


திண்டிவனம்,
5.9.87

மேரி,

காப்பியைப் பத்தி எழுதினதுக்கு அழுதேன். சொல்லிட்டேன், அது முடிஞ்சுது. இப்ப வேலையைப் பேசறேன்.

முப்பதுக்கு மேல இருக்கற எழுத்தை என்ன பண்றே? தூக்கிப் போடறே. யாருகிட்டயும் சொல்லாம. என்னோடது வழிஞ்சப்ப தேதி கெட்டுது, உன் மேனேஜரு சிரிச்சாரு, அன்னிக்கே தப்பு தெரிஞ்சுது. உன்னோடது வெட்டினா யாருக்குத் தெரியும்? சீட்டு பாக்க அழகா இருக்கும், அதுல இருக்கற பேரு பாதி இருக்கும். வெட்டின இடத்துல யாரு இருந்தாங்கன்னு பாத்தியா?

அதுக்கு ஸ்ட்ர்கேட்னு பேரு வெக்காதே. நான் எழுதினதுன்னும் யாருகிட்டயும் சொல்லாதே. இதுக்கு மேல நான் எழுத மாட்டேன்.

ஜ்வாலாமாலினி


விழுப்புரம்,
18.11.87

ஜ்வாலா,

ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. நீயும் எழுதல, நானும் எழுதல. இப்ப எழுதியே ஆகணும், வேற யாருகிட்டயும் இதைச் சொல்லிப் புரிய வெக்க முடியாது.

போன வாரம் சோதனை அரவைன்னு நாலஞ்சு ஊரு கரும்பை மட்டும் முதல்ல எடுத்தாங்க. திருவெண்ணெய்நல்லூரும் அதுல ஒண்ணு. அந்த ஊர்ல மண்ணாங்கட்டி ரெண்டு பேரு. உனக்குத் தெரியுமோ இன்னாவோ, முன்னாடி பொறந்த புள்ளைங்க தக்கலைன்னா அடுத்ததுக்கு அந்தப் பேரை வெப்பாங்க, எமனுக்கே வேணாம்னு தோணட்டும்னு. ஒருத்தரு சின்னக்கண்ணு புள்ள, கரும்பு முத்தி நிக்குது, அவருக்குத்தான் தேதி. இன்னொருத்தரு முத்துசாமி புள்ள, அவரோடது இன்னும் பச்சை, மாசிக்குத்தான் வெட்டணும். ஊரும் பேரும் நடுவுல வுடற காலி எடமும் சேந்து இங்கிலீஷ்ல இருபத்தொம்பது எழுத்து. பூஜ்யத்தோட முப்பது. அப்பா பேருல ஒரு எழுத்துக் கூட சீட்டுல வரல. தேதியை வுட்டா ரெண்டு சீட்டும் ஒரே ஆளாட்டம் இருக்குது.

ஃபீல்டுமேன் மாரியப்பன் சீட்டை எடுத்துக்கினு போனாரு. ரோட்டோரமா இருந்தது முத்துசாமி புள்ள நெலம். இதான்னு காட்டிட்டு அடுத்த ஊருக்குப் போய்ட்டாரு. வெட்டப் போன கேங்கு எங்க அம்மாவோடது. கால் காணி பச்சைக் கரும்பு சாஞ்ச அப்புறம்தான் அந்த மண்ணாங்கட்டியோட சம்சாரம் ஓடியாந்து குறுக்க வுழுந்திருக்காங்க. அந்த அம்மா ஏசின ஏச்சை எல்லாம் எங்க அம்மாதான் நின்னு வாங்கியிருக்காங்க. வூட்டுக்கு வந்து என்னை ஒண்ணும் திட்டல. சீட்டு நீ அடிச்சதான்னு மட்டும் கேட்டாங்க.

மறுநாள் பஸ் ஏறி நான் அந்த நெலத்துக்கே போனேன். மண்ணாங்கட்டி சாஞ்ச கரும்பைப் பாத்துக்கினு நின்னாரு. உங்க மெஷினுக்கு எங்க அப்பன் பேரு தெரியாதாமான்னு கேட்டாரு. தெரியுங்க, நான்தான் வெட்டிட்டேன்னு சொன்னேன். 

சீனுவாசன் சாரு நல்லவருதான், ஆனா பயந்தவரு. மெஷின் கோளாறுன்னு ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு, மெஷினைத் திருப்பி அனுப்பிடறேன், உன் மேல ஒண்ணும் வராம எடைமேடையில உக்கார வெச்சுக்கறேன்னு சொல்றாரு. மெஷின் மேல கோளாறு இல்ல ஜ்வாலா. அது நான் சொன்னதை சொன்னபடி செஞ்சுது. எனக்கு நாற்காலியும் வேணும், இந்தப் பொய்யும் எழுத வரல. ரெண்டாந்தேதி அந்த மண்ணாங்கட்டியை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அன்னிக்கு முடிவு.

வெட்டின எடத்துல யாரு இருந்தாங்கன்னு கேட்டே. முத்துசாமியும் சின்னக்கண்ணும் இருந்தாங்க.

மேரி


திண்டிவனம்,
21.11.87

மேரி,

நான் அப்பவே சொன்னேனேன்னு எழுதலாம்னு உக்காந்தேன். எழுதவும் செஞ்சேன். கிழிச்சுப் போட்டுட்டேன்.

நீ முதல்ல கேட்ட கேள்வி இருக்கே, இடம் இருக்கான்னு பாக்க வேணாமான்னு, அது சரியான கேள்வி. நான் கமிட்டி, உலகம்னு பெருசா பேசிட்டு அதைக் காதுலயே வாங்கலை. பாக்கணும். ஆனா அதை ஸ்ட்ர்கேட்டுக்குள்ள கொண்டு போய் வெக்கக் கூடாது. ஸ்ட்ர்கேட்டை நான் எழுதினபடியே திருப்பி வெச்சுடு. கூடவே இன்னொண்ணு அனுப்பறேன், அதுக்குப் பேரு ஜாயின். அதுக்கு ரெண்டு விலாசத்தோட இடத்தோட அளவையும் நீ குடுக்கணும். அது முதல்ல ரெண்டு நீளத்தையும் அளக்கும், கடைசிப் பூஜ்யத்துக்கும் ஒண்ணு சேத்துக்கும். அடங்கினா ஒட்டும். அடங்கலைன்னா ஒரு எழுத்தைக் கூடத் தொடாது, முடியாதுன்னு உன்கிட்ட சொல்லிட்டு நின்னுடும். பாதியா வெட்டின பேரை விட சீட்டே வராம இருக்கறது மேல். வராத சீட்டை யாராவது வந்து கேப்பாங்க.

ஆனா முப்பது கட்டத்துக்கு என்கிட்ட பதில் இல்லை. அந்தச் சீட்டை நான் கண்ணால பாத்ததில்லை, நீதான் பாத்திருக்கே. அதுல வேற எங்கயாவது காலி இடம் இருக்கான்னு பாரு.

கடைசியா ஒண்ணு. அந்த ஆபீஸ்ல, லைப்ரரி எழுதினது திண்டிவனத்துல ஒருத்தி, தப்பு அவளோடதுன்னு சொல்லிடு. நான் அங்க வேலையில இல்லை, எனக்குப் போக ஒண்ணும் இல்லை. உன் நாற்காலி நிக்கட்டும். கோவத்துல சொல்லலை மேரி, நிஜமாத்தான் சொல்றேன்.

ஜ்வாலா


விழுப்புரம்,
2.12.87

ஜ்வாலா,

உன் மேல போட மாட்டேன். அதை எழுதினதுக்கு உன்னை நேர்ல பாத்தா ரெண்டு வைப்பேன்.

காலி எடம் இருந்துதுடி. சீட்டுல பேருக்குக் கீழ குறிப்புன்னு ஒரு வரி இருக்கு, இத்தினி வருசமா அதுல யாரும் ஒண்ணும் எழுதினதே இல்ல. ஊரையும் பேரையும் மேல வெச்சுட்டு அப்பா பேரைக் குறிப்புல தள்ளிட்டேன். ரெண்டுத்தையும் உன் ஜாயின் வழியாத்தான் அனுப்பறேன். ஸ்ட்ர்கேட்டை நீ எழுதினபடியே திருப்பி வெச்சாச்சு.

இன்னிக்கு ஆபீஸ்ல நடந்ததைக் கேளு. முத்துசாமி புள்ள மண்ணாங்கட்டி வந்தாரு, வாசல்லயே நின்னாரு. உள்ள வாங்கன்னு நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். சாரு அவருகிட்ட, மெஷின் கெட்டுப் போச்சுப்பா, திருப்பி அனுப்பறோம், இனிமே இப்பிடி ஆவாதுன்னு சமாதானம் சொல்லிக்கினு இருந்தாரு. நான் எழுந்து, மெஷின் கெடல சார், நான் பேரை வெட்டற மாதிரி எழுதிட்டேன், இப்ப வெட்டாத மாதிரி எழுதியிருக்கேன், ஓட்டிக் காட்டறேன்னேன். சாருக்கு மூஞ்சி சிவந்துடுச்சு. தப்புப் பண்ணேன்னு நீயே சொல்றியே, அப்புறம் உன்னை எதை நம்பி அங்க உக்கார வெக்கறதுன்னாரு.  

அப்பதான் மண்ணாங்கட்டி வாயைத் தொறந்தாரு. அவரு சொன்னதை அப்படியே எழுதறேன்.

"என் கரும்பு போனதுல இருந்து இந்த ஆபீஸ்ல இருந்து என் நெலத்துக்கு வந்த ஆளு இந்தப் பொண்ணு ஒண்ணுதாங்க. நான்தான் பண்ணேன்னு சொன்னதும் இது ஒண்ணுதான். இதை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டீங்கன்னா, அடுத்த தபா நான் யாராண்ட வந்து கேக்கறது?"

சாரு ஃபேனைப் பாத்தாரு. மேசையைப் பாத்தாரு. சரி, ஓட்டுன்னாரு.

திருவெண்ணெய்நல்லூரையே ஓட்டினேன். ரெண்டு மண்ணாங்கட்டியும் அவங்கவங்க அப்பாவோட வந்தாங்க. நடுவுல ஒரு பேருக்கு மெஷின் நின்னுடுச்சு, எடம் போதலைன்னு எழுதிக் காட்டுச்சு. இன்னாமா மறுபடியும் நிக்குதேன்னு சாரு பதறினாரு. நிக்கறதுதான் சார் சரி, இது ஒண்ணை நான் கையில எழுதித் தர்றேன்னு சொன்னேன். மண்ணாங்கட்டி அவரு சீட்டை வாங்கி, எங்க அப்பன் பேரு எதும்மான்னு கேட்டாரு. காட்டினேன். அந்த எழுத்து மேல வெரலை வெச்சுப் பாத்தாரு.

என் நாற்காலி என்கிட்டதான் இருக்குது. அதோட நான் வுடல. சார், ஒருத்தி எழுதறதை இன்னொருத்தி பாத்தே ஆகணும், போஸ்ட்டுல போய் வர்றதுக்குள்ள கரும்பு சாஞ்சுடுது, இங்க இன்னொரு நாற்காலி வேணும்னேன். இந்த அரவைக்கு மட்டும் பாக்கறேன்னாரு. உன் பேரைக் குடுத்துட்டேன். உன்னைக் கேக்காம குடுத்துட்டேன்தான். திட்டறதுன்னா வந்து திட்டு.

மேரி


திண்டிவனம்,
5.12.87

மேரி,

உன் கடுதாசி வந்தப்ப மூணாவது வரனுக்குப் புடவை எடுத்து வெச்சிருந்தாங்க. நான் அதைக் கட்டலை. மண்டிக்குப் போய் அப்பா எதுத்தாப்புல நின்னேன்.

ஆலையில வேலைன்னதும் அப்பா வழக்கமா சொல்றதை எல்லாம் சொன்னாரு. வர்றவங்க என்ன நினைப்பாங்க, விழுப்புரத்துல இருந்து பொழுது சாயறதுக்குள்ள எப்படி வந்து சாப்பிடுவே, நம்ம வீட்டுல யாரு இப்படிப் போனாங்க. சாப்பாட்டைக் கட்டிக்கினு போய் ஆபீஸ்லயே அஞ்சு மணிக்கு முடிச்சுடுவேன்னேன். வரன் வந்தா ஆலைக்கு வந்து பாக்கட்டும், நான் என்ன வேலை பண்றேன்னு அவங்களுக்கும் தெரியட்டும்னேன். அப்பா தராசைத் துடைக்க ஆரம்பிச்சுட்டாரு. பேச்சு முடிஞ்சுதுன்னா அப்படித்தான் துடைப்பாரு.

நான் நகரலை. உன் கடுதாசியைப் பிரிச்சு, அந்த மண்ணாங்கட்டி சொன்னதை மட்டும் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அப்பா திரும்பவும் படின்னாரு. படிச்சேன். கரும்பைப் பறிகுடுத்த ஆளா இப்படிச் சொன்னாருன்னு கேட்டாரு. ஆமாம்னேன். அந்தப் பேரை எல்லாம் ஒட்டறது நீ எழுதினதான்னு கேட்டாரு. நான் எழுதினதுதான்னு சொன்னேன். என் வேலை என்னன்னு அப்பா கேட்டது இதான் முதல் தடவை மேரி.

துணியைத் தராசு மேலயே போட்டாரு. அப்புறம், திங்கக்கிழமை விழுப்புரத்துக்கு முதல் பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேட்டாரு.

ஜ்வாலா